தாராவியில் கை நனைத்த நாள்

காலை 6.40. மும்பை விமான நிலையத்தில் இறங்கியபோது என் கைக்கடிகாரம் 9.10 என்றது. இரண்டரை மணி நேரத்தைப் பின்னால் திருகி வைத்தேன். வயிற்றைத் திருக முடியவில்லை. அது மலேசிய நேரத்திலேயே நின்றது. மலிவான டிக்கெட் என்பதால் கொழும்பில் ஐந்து மணி நேரம் காத்திருந்து வேறு விமானம் பிடித்து வந்திருந்தேன். கொடுத்த சாப்பாட்டில் கோழி. நான் மாமிசத்தை விட்டுப் பதினாறு வருடமாகிறது. வழியெல்லாம் இரண்டு வாழைப்பழம்தான் ஆகாரம்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் குமரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். கூட வேலை பார்க்கும் மாலதியை அவனுக்குப் பிடித்திருக்கிறது. மாலதியின் அப்பா முருகேசன் தாராவியில் பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். “வீட்டுப் பெரியவங்க நேர்ல வந்து கேக்கட்டும். போன்ல பொண்ணு குடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். என் மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகவே, மலேசியாவில், கிள்ளானில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற நான், முருகப்பெருமானை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெளியே என் பெயர் எழுதிய அட்டையோடு மாலதியின் தாய்மாமன் மாடசாமி நின்றார். டாக்சி அவருடையதுதான். ஏறி உட்கார்ந்ததும் மீட்டரைத் தட்டினார்.

“பேச்சு முடிஞ்சா ஃப்ரீ அண்ணாச்சி. முடியலேன்னா மீட்டர் காசு, வெயிட்டிங் சார்ஜ் எல்லாம் உண்டு.”

“அப்ப மெதுவா ஓட்டாதீங்க தம்பி” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதிக் களைப்பு போனது.

8.15. மாட்டுங்காவில் அறை. ஒரு நாளைக்கு 1,800 ரூபாய், மலேசியக் காசுக்குத் தொண்ணூறு வெள்ளி. குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு பக்கத்துக் கோயிலுக்குப் போனேன். வாசல் பூக்கடையில் மல்லிகை முழம் முப்பது ரூபாய் என்று தமிழிலேயே விலை சொன்னார்கள். “முருகா, என் பிள்ளை நல்ல பிள்ளை. நீ பார்த்துக்கொள்” என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு.

கோயிலுக்கு எதிரே ஓட்டலில் நெய் தோசை வாசனை. என் கால் தானாகத் திரும்பியது. மாடசாமி கையைப் பிடித்தார். “எங்க அக்கா அஞ்சு மணியிலேருந்து அடுப்படியில நிக்கா. இங்க வயித்த ரொப்பிட்டுப் போனிய, என்னைக் கொன்னுபோடுவா.”

அங்கேதான் எனக்குச் சிக்கல். எங்கள் தாத்தா திருநெல்வேலியிலிருந்து மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்கு வந்தவர். பெண் கேட்கப் போகிற வீட்டில், அவர்கள் சம்மதம் சொல்லும் வரை கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஓட்டலிலும் சாப்பிட வழியில்லை, போகிற வீட்டிலும் முடியாது. எச்சிலை விழுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

10.30. மூன்று கிலோமீட்டர் தாண்டித் தாராவி, தொண்ணூறடி ரோடு. சந்துக்குள் கீழே பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் வீடு. எனக்காகத் தையல் மெஷின்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். மாலதியின் அம்மா சண்முகத்தாய் இலை போட்டு இட்லி, சாம்பார், கேசரி எல்லாம் பரிமாறிவிட்டார். பக்கத்தில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்.

“இருக்கட்டும்மா, அப்புறம்” என்றேன்.

“ரெண்டே ரெண்டு, அண்ணாச்சி.”

“வேணாம்மா.”

“பாட்டில் சீல் ஒடைக்கல பாருங்க. தண்ணியாவது குடிங்க.”

“வேணாம்மா” என்று மூன்றாம் முறையும் சொன்னேன். அவர் முகம் வாடியது. மாடசாமி, “மலேசியாக்காரருக்குத் தாராவி ஒத்துக்காதுபோல” என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த முருகேசன் இப்போது பேசினார். “எம்மவ இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் வளந்தா. பொண்ணு மட்டும் வேணும், தண்ணி வேண்டாமோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுத்தம் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வழக்கத்தைக் காப்பாற்றப் போய் மகன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று பதறினேன். எழுந்து நின்று கும்பிட்டேன்.

“ஐயா, நேத்து ராத்திரியிலேருந்து பட்டினி. அந்தக் கேசரியப் பார்த்தா எனக்கு அழுகையே வருது. ஆனா நீங்க சரின்னு சொல்லாம நான் எப்படிக் கை நனைக்கிறது?”

சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. முருகேசனும் சிரித்துவிட்டார். “அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சே அண்ணாச்சி. இங்க பொண்ணு கேக்க வாரவன் பாதிப் பேச்சுல லோக்கல் ட்ரெயினுக்கு ஓடுதான். சாப்பாடு போட்டுக்கிட்டேதான் பேசுவோம். கடல் தாண்டிப் போன நீங்க இன்னும் அத விடலையா?”

“விடத் தெரியலைங்க.”

“சரி, மொறையாவே கேளுங்க.”

“என் மகன் குமரனுக்கு உங்க மக மாலதியக் கேட்டு வந்திருக்கேன்.”

அவர் முகம் மறுபடி இறுகியது. “ஒண்ணே ஒண்ணு. மெஷின் மிதிச்சுப் படிக்க வச்ச பிள்ளை. கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகாதேன்னு சொல்லுவியளா?”

“என் சம்சாரம் கையுறை ஃபேக்டரியில இருபத்திரண்டு வருஷம் வேலை செஞ்சவங்க. அவங்க இருக்கிற வீட்டுல அந்தப் பேச்ச எடுக்க எனக்கே தைரியம் கிடையாது.”

முருகேசன் மனைவியைப் பார்த்தார். “என்னைய ஏன் பாக்கிய, இட்லி ஆறுது. ஜல்தியாச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மா.

முருகேசன் பாட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூலையிலிருந்த குடத்தில் ஒரு செம்பு மொண்டு என் கையில் கொடுத்தார். “குடிங்க சம்பந்தி.”

குடித்தேன். எங்கள் ஊரில் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க மாட்டேன். அந்தச் செம்பை முழுக்கக் குடித்தேன். இட்லி எத்தனை என்று எண்ணவில்லை. கேசரி இரண்டு தடவை. கீழே மெஷின்கள் ஓட ஆரம்பித்தன.

12.20. இலையை எடுக்கும்போது கிள்ளானிலிருந்து மனைவி கூப்பிட்டாள். கல்யாணமான நாள் முதல் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். அன்றும் அதைத்தான் கேட்டாள்.

“பசியாறிட்டீங்களா?”

“பசியாறிட்டேன்” என்றேன்.

“எங்க, அவங்க வீட்டிலயா?”

“அவங்க வீட்டிலதான்.”

அடுத்து, வீட்டுச் சாமி மேடை மணியை அவள் ஆட்டுகிற சத்தம்தான் போனில் கேட்டது.