உள்ளிருந்து படிக்கும் பெயர்

இக்குறிப்பை எழுதிவைக்க வேண்டியதன் காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை. நான் ஓசூருக்குக் குடிபெயர்ந்த பின்னர், கோவில்பட்டியில் என்னுடன் தமிழாசிரியப் பணியாற்றிய நண்பர்கள் தொலைபேசியில் கேட்கும் முதல் வினா, "அங்கன என்னய்யா செய்றீரு?" என்பதே. கார்க் கண்ணாடியில் ஒட்டும் படலத்தை வெட்டுவதற்கு உருவம் வரைகிறேன் என்பேன். அதைக் கேட்ட ஒருவர், முதுமையில் நான் கார்களில் படம் தீட்டிப் பிழைக்கும் நிலைக்கு வந்துவிட்டதாக எண்ணி வருந்தினாராம். மற்றொருவர், சட்டம் தடுத்த கறுப்புக் கண்ணாடித் தொழிலில் உம் மகள் இறங்கிவிட்டாளா என்று நேராகவே கேட்டார். போதாக்குறைக்கு, அண்மையில் எங்கள் கடையில் நேர்ந்த ஒரு பிழை தேநீர்க்கடை வழியே திரிந்து பரவியிருக்கிறது. தமிழ் வாத்தியார் வேண்டுமென்றே கன்னடத்தைத் தலைகீழாக எழுதிவிட்டார் என்பது அதன் இப்போதைய வடிவம். ஆகவே ஊரில் இருக்கும் நண்பர்களுக்காகவும், என்னைப் போலத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே வாழ்வோருக்காகவும் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

காலையில் கடையின் இரும்புக்கதவை ஏற்றியதும் வரும் முதல் ஆள், பேசுவதற்குமுன் என் முகத்தைச் சிறிது நேரம் பார்ப்பார். எந்த மொழியில் தொடங்குவது என்று கணிக்கிறார் என்பதை அறிய எனக்குச் சில திங்கள் ஆயின. ஒருவர் தெலுங்கில் தொடங்கி, என் விழிப்பைக் கண்டு கன்னடத்துக்கு மாறி, அதுவும் பயன்படாமற்போகத் தமிழுக்கு வந்து சேர்வார். மூன்றிலும் அவர் முகம் ஒன்றுபோலவே இருக்கும். கோவில்பட்டியில் ஒருவர் வாய்திறந்ததும் எந்த ஊர் என்று சொல்லிவிடுவோம். மொழி எது என்னும் வினா அங்கே எழுந்ததே இல்லை. இங்கேயோ வாடிக்கையாளர் மூன்று சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்; பூட்டோ ஒரே சாவிக்குத்தான் திறக்கிறது. அந்தப் பூட்டு நான்.

கடை என் மகள் மலர்விழியுடையது. தொழிற்சாலையொன்றில் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றிவிட்டு, மத்திகிரிச் சாலையில் இக்கடையைத் தொடங்கினாள். நாங்கள் ஒட்டுவது சட்டம் ஒப்பும் அளவுக்கு வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெயிலின் தீய கதிரையும் வெப்பத்தையும் தடுக்கும் மெல்லிய படலம். அதைக் கண்ணாடியின் மேலேயே வைத்துக் கத்தியால் அறுத்தால் கண்ணாடியில் கீறல் விழும். எனவே கணிப்பொறியில் உருவம் வரைந்து பொறியில் வெட்டுகிறோம். கடையில் அப்பொறிக்குப் பெயர் பிளாட்டர். நான் வெட்டுவரைவி என்று பெயரிட்டேன். "அப்பா, அந்தப் பேரச் சொல்லி போன் பண்ணுனா சர்வீஸ்காரன் ராங் நம்பர்னு வச்சுருவான்" என்றாள் மலர்விழி. புதிய கார்களுக்கு உருவங்கள் ஆயத்தமாகவே கிடைக்கும். பழைய வண்டிகளுக்குக் கிடையா. நாமே செய்துகொள்ள வேண்டும். கண்ணாடியின் உட்புறம் ஒளிபுகு தாளை ஒட்டி, விளிம்பைப் பென்சிலால் தேய்த்தெடுத்து, தரையில் விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒளிப்படம் எடுப்போம். அதன்மேல் திரையில் புள்ளி புள்ளியாக வைத்து வளைவை வரைவது என் வேலை. புள்ளி குறைந்தால் வளைவு தட்டையாகும். மிகுந்தால் கத்தி தயங்கித் தயங்கி விளிம்பைப் பல்பல்லாக வெட்டும். கத்தியின் அழுத்தமும் படலத்தை வெட்டிப் பின்தாளைத் தொடாமல் விடும் அளவாக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் அமர்ந்து பிழை பார்த்தே பழகியவன் ஆதலால் இவ்வேலை எனக்கு ஒத்துப்போயிற்று.

வெயிலைத் தடுப்பதற்குக் கூலி கொடுப்பார்கள் என்பதே எனக்கு முதலில் விந்தையாக இருந்தது. எங்கள் கரிசல் பக்கத்தில் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஈரத்துண்டைக் கதவுக் கண்ணாடியின் இடுக்கில் செருகித் தொங்கவிட்டு ஓட்டுவார்கள். சாத்தூர் தாண்டுவதற்குள் அது அப்பளமாகக் காய்ந்துவிடும். மறுபடி நனைப்பார்கள். அத்தகைய ஊரிலிருந்து, சித்திரையிலும் காலையில் போர்வையை விலக்க மனமில்லாத இவ்வூருக்கு வந்து, நான் வெயில்திரை செய்துகொண்டிருக்கிறேன். இங்குள்ள வெயில் யாரை என்ன செய்துவிடும் என்று எண்ணியிருந்தேன், மஞ்சுளா வரும்வரை.

மஞ்சுளா மத்திகிரியில் வாடகை வீட்டில் இருப்பவர். கன்னடம் பேசும் குடும்பம். கணவர் மறைந்தபின் அவருடைய பழைய வேனில் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். கோடை விடுமுறை முடியவிருந்த ஒரு சனிக்கிழமை, இரு கைகளிலும் உறையணிந்து, முகத்தில் துப்பட்டா சுற்றிக்கொண்டு வந்தார். துப்பட்டாவை விலக்கியபோது, கன்னங்களிலும் மூக்கின் மேலும் தோல் சிவந்து தடித்திருந்தது.

"டாக்டரம்மா வெயில்ல வண்டி ஓட்டாதேங்குது. வெயில் இல்லாத நேரத்துல இஸ்கூல் நடக்குமா? நீங்களே சொல்லுங்கக்கா."

"சுத்தி எல்லாக் கண்ணாடிக்கும் ஒட்டிட்டா ஓட்டலாமாமா?" என்று மலர்விழி கேட்டாள்.

"ஒட்டிப் பாரு, அப்பவும் பொரிஞ்சுதுன்னா வண்டிய வித்துடுன்னுச்சு. விக்கறதெங்க? மச்சினன் சாவிக்குக் கைநீட்டிக்கினு நிக்கறான். 'அண்ணி, நீங்க நிழல்ல இருங்க, நான் ஓட்டறேன்'ங்கறான். ஒரு தடவ ஸ்டியரிங்கக் குடுத்துட்டா திரும்ப வாங்கமுடியாதுக்கா. திங்கக்கெழம இஸ்கூலு தெறக்குது. நான் ஓட்டிக்கினு போகணும்."

பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் சனிக்கிழமையே முடிந்தன. முன்கண்ணாடியில்தான் சிக்கல் எழுந்தது. அதன் மேற்பகுதியில், உட்புறமாக, மாரம்மா என்னும் அவர்கள் ஊர்த் தெய்வத்தின் பெயர் கன்னட எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. மழையிலும் துடைப்பானின் தேய்ப்பிலும் உரியாதிருக்க உள்ளே ஒட்டி, வெளியிலிருந்து படிக்கும்படி அமைத்திருந்தார்கள். இப்பக்கத்து வண்டிகளில் இவ்வழக்கம் மிகுதி. எழுத்தின் மேலேயே படலத்தை ஒட்டினால் காற்றுக் குமிழி நிற்கும். உரித்துவிடலாமா என்று மலர்விழி கேட்டதும் மஞ்சுளா கண்ணாடிக்குக் குறுக்கே கையை வைத்துவிட்டார்.

"அது மட்டும் வேணாங்க. அம்மா முன்னாடி ரோட்டப் பாத்துக்கினு போறா. அவ பாத்தப்புறந்தான் நான் பாக்கறது."

பெயரைச் சுற்றிக் கட்டமாக வெட்டிவிடலாம் என்றாள் மகள். அவ்வளவு பெரிய திறப்பின்வழி வெயில் நேரே அவர் முகத்தில் இறங்குமே என்று நான் தடுத்தேன். எழுத்தின் வடிவத்துக்கு மட்டும் துளை வெட்டினால், ஒட்டியிருக்கும் எழுத்தைச் சுற்றிப் படலம் பொருந்தி அமரும். சுழிகளுக்குள் தனித்து நிற்கும் துண்டுகள் விழாதிருக்க மெல்லிய பாலங்கள் விட்டுக்கொள்ளலாம். மஞ்சுளாவுக்கு அது பிடித்திருந்தது. உருளையில் ஒரு முன்கண்ணாடிக்குப் போதுமான படலமே எஞ்சியிருந்தது. பெங்களூருவிலிருந்து அடுத்த உருளை வர ஒரு வாரம் ஆகும். ஆகவே வெட்டு ஒருமுறைதான்.

கண்ணாடியின் வெளிக்கோட்டை உட்புறத்திலிருந்து எடுத்து, தாளில் வெட்டிப் பொருத்திப் பார்த்தோம், சரியாக அமர்ந்தது. பின்னர் வண்டியின் முன்னே நின்று, அளவுகோலுடன், பெயரை ஒளிப்படம் எடுத்தேன். வெளியிலிருந்து பார்த்தால்தானே எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது! அன்று மாலை முழுதும் அவ்வெழுத்துகளை வரைந்தேன். நம் எழுத்தில் கோடு நின்று திரும்பும்; கன்னடத்தில் அது திரும்பிக்கொண்டே போகிறது. படிக்கத் தெரியாத எழுத்தை வரைகையில் கை மிகவும் பணிவாக இருக்கிறது. எதையும் தானாக நிரப்பிக்கொள்வதில்லை.

வெட்டுவதற்குமுன் அறிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடுதல் நலம் என்று ஞாயிறு காலை பக்கத்துக் கடை பசவராஜை அழைத்தேன். டயருக்குப் பஞ்சர் ஒட்டுபவர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார்.

"மா... ர... ம்ம. கரெக்டாகே இதெ சார். பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்குது."

"எங்கேனும் பிழை உண்டா? நன்றாகப் பாருங்கள்."

"ஏனூ தப்பில்லா. உங்களுக்குக் கன்னடம் வராதுன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க."

அவரிடம் நான் கேட்டது எழுத்தை. அவர் சொன்னதும் எழுத்தைப் பற்றியே. எல்லாம் சரிபார்த்தாயிற்று என்று நான் எடுத்துக்கொண்டேன். வெளிக்கோட்டை உட்புறத்திலிருந்து எடுத்தமையால், திரையில் தெரிவது கண்ணாடியை உள்ளிருந்து பார்க்கும் தோற்றம். உள்ளிருந்து பார்க்கையில் அப்பெயர் இடவலம் மாறித் தெரிய வேண்டும். எவராலும் எளிதில் படிக்க இயலாதபடி இருக்க வேண்டும். பசவராஜால் படிக்க முடிந்தது என்பதே பிழைக்குச் சான்று. நானோ அதையே நற்சான்றாகக் கொண்டு பொத்தானை அழுத்தினேன். நாற்பதாண்டு காலம் விடைத்தாள் திருத்தியவனுக்கு, படிக்க முடிந்தால் சரி என்பதற்கு மேல் வேறொரு நினைப்பு எழவில்லை.

படலத்தை உள்ளே ஒட்டுமுன், வளைவுக்கு ஏற்பச் சூடேற்றிப் படியவைப்பதற்காகக் கண்ணாடியின் வெளிப்புறம் விரிப்பார்கள். மலர்விழி விரித்தாள்; கை நின்றுவிட்டது. கண்ணாடியில் எழுத்துகள் ஒரு திசையில் ஓட, படலத்தின் துளைகள் எதிர்த்திசையில் ஓடின. முன்னே நின்றிருந்த மஞ்சுளா சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"அய்யா, ஆம்புலன்ஸு மேல எழுதற மாதிரி எழுதிட்டீங்களே! முன்னாடி போறவன் அவன் கண்ணாடில பாத்தான்னா பயந்து வழி வுட்டுடுவான்."

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. "வேற ரோல் இல்லைல்ல அக்கா?" என்றார். மலர்விழி தலையசைத்தாள். பசை ஒருபுறமே இருப்பதால் படலத்தைத் திருப்பிப் போடவும் இயலாது. இரு துண்டுகளை இணைத்து ஒட்டலாம்; ஆனால் இணைப்புக் கோடு ஓட்டுநரின் பார்வைக்குக் குறுக்கே நிற்கும்; பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு அது ஆகாது. பிழை என்னுடையது என்றேன். பசவராஜ், "நான் நல்லாத்தானே சார் ஓதினேன்!" என்றார். நன்றாக ஓதியதுதான் கேடு என்று விளக்க எனக்கு அப்போது தெம்பில்லை. மஞ்சுளாவின் கைப்பேசி வண்டிக்குள் ஒலித்தது. மச்சினன்தான். உள்ளே ஏறி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, "நாளைக்கா? நாளைக்கு..." என்று தொடங்கியவர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு கன்னடத்தில் ஏதோ சுருக்கமாகச் சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

"அக்கா, இங்க வாங்க. இங்க குந்திப் பாருங்க."

மலர்விழி பக்கத்து இருக்கையில் ஏறினாள். திறந்த கதவருகே நான் நின்றேன். வெளியே விரித்த படலம் இளநீலமாக இருந்தது. ஒட்டியிருந்த பழைய எழுத்துகளுக்கிடையே அத்துளைகள் வெறும் வெளிச்சமாகத் தெரிந்தன.

"இத்தன வருசமா இந்தச் சீட்டுல குந்திக்கினு அம்மா பேர உல்டாவாத்தான் பாத்துக்கினு இருந்தேன். இப்பத்தான் நேரா ஓதறேன்."

அவர் எண்ணுவது எனக்குப் புரிவதற்குள் பசவராஜுக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ பேட, வேணாம் மஞ்சுளாக்கா! வெளிய இருந்து பாத்தா அம்மா பேரு திரும்பியில்ல இருக்கும்? ரோட்ட யாரு பாக்கறது?"

"ரோட்ட நான் பாத்துக்கறேன். இவ்ளோ நாளு அவ ரோட்டப் பாத்தா. இனிமே என்னைப் பாக்கட்டும்."

பழைய எழுத்துகளை மஞ்சுளா வேறு எவரையும் தொடவிடவில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒவ்வொன்றாக உரித்து, தரையில் விழாமல் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். ஊர் மரத்தடியில் வைத்துவிடுவாராம். மலர்விழி கண்ணாடியைச் சோப்புநீரால் நனைத்து, படலத்தை உள்ளே ஒட்டி, நீரை வழித்தெடுத்தாள். துளைகளின் கோடுகள் மெலிந்தவை. நெற்றிக்கு மேலுள்ள மறைப்பை இறக்கிவிட்டால் அவ்வழியே வரும் வெயிலும் நின்றுவிடும். திங்கட்கிழமை காலை கடைமுன் ஓர் ஒலிப்பான் கேட்டது. வேன் நிறையப் பிள்ளைகள்; முகத்தில் துப்பட்டா இல்லாமல் மஞ்சுளா. மாதம் ஒன்று கழிந்தது. கன்னத்துத் தடிப்பு முற்றும் போகவில்லை, ஆயினும் தணிந்திருக்கிறது. ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தமிழ் வாத்தியார் தெய்வத்தின் பெயரைத் தலைகீழாக ஒட்டினார் என்று தேநீர்க்கடையில் சொல்லிவருபவர் சாவி கிடைக்காத அந்த மச்சினர்தாம். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தலைகீழ்தான்.

சென்ற வாரம் மத்திகிரியிலிருந்து திரும்புகையில், பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த மஞ்சுளா என்னை ஏற்றிக்கொண்டார். முன்னிருக்கையில் அமர்ந்தேன். மாலைவெயில் எதிரே இருந்தது. நீலத்துக்குள் அப்பெயர் மட்டும் வெள்ளையாக எரிந்தது. அவ்வெழுத்துகளின் ஒவ்வொரு வளைவையும் நான் அறிவேன். எந்தப் புள்ளியில் கோடு இளகித் திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். ஆனால் படிக்க அறியேன். சாலைச் சந்திப்பில் வண்டி நின்றபோது, எதிரே நின்ற ஒருவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார், தலையை ஒருபுறம் சாய்த்தார், மறுபுறம் சாய்த்தார், விட்டுவிட்டார். அவர் படிக்கத் தெரிந்தும் வெளியே நின்றார். நான் படிக்கத் தெரியாமலே உள்ளே அமர்ந்திருந்தேன்.

பொறிக்கும் படலத்துக்கும் நான் இட்ட தமிழ்ப்பெயர்களிலோ, வெட்டுமுறை பற்றிய என் விளக்கத்திலோ, மாரம்மா வழக்கம் குறித்த செய்தியிலோ குற்றம் காண்போர் தயங்காது எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன். கன்னடம் அறிந்தோர் அப்பெயரையே சரிபார்க்க விரும்பினால், காலையில் மத்திகிரிச் சாலையில் அவ்வண்டியை நிறுத்தலாம், மஞ்சுளா மறுக்கமாட்டார். ஒன்று மட்டும்: உள்ளே ஏறி அமர்ந்து பார்த்துவிட்டுப் பிழை சொல்லுங்கள்.