மருந்துக்கு முன் ஒரு தத்தி

“நாங்கள் கொல்லுற பூச்சிக்குப் பேர் வைக்கவோ, தங்கச்சி, கம்பஸுக்குப் போனனீங்கள்?”

விசுவமடு வயலில் மருந்தடிக்க வந்தவர், பூச்சி பிடிக்கும் வலையோடு நின்ற என்னிடம் கேட்டார். துவாய் முகத்தை மூடியிருந்தது. கண்கள் மட்டுமே தெரிந்தன. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பஸுக்குப் போனவள் நான். சுள்ளென்றது.

“ஓம், அதுக்குத்தான். என்னட்டை இருக்கிற தத்திப் பூச்சியெல்லாம் பெண். ஆணின்ரை வயித்து நுனியைப் பாத்தால்தான் இது புது இனமோ எண்டு தெரியும். நீங்கள் மருந்தடிச்சால் ஒண்டும் மிஞ்சாது, அண்ணை.”

ஒவ்வொரு வரம்பிலும் செய்வதுபோல, அவர் ஒரு பிடி புழுதியை வீசிக் காற்றின் திசையைப் பார்த்தார்.

“தூர இருக்கிற அந்தத் தொங்கல் வரம்பில தொடங்கிறன். நான் இங்கை வாறதுக்குள்ளை உங்கடை பூச்சிக்கு மாப்பிள்ளையைப் பிடியுங்கோ.”

பம்பின் இரைச்சல் நெருங்க நெருங்க, புல்லில் வலையை வீசிக்கொண்டே இருந்தேன். கைவில்லையால் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் பெண். மருந்து நெடி மூக்கில் ஏறியபோதுதான் ஒரேயொரு ஆண் சிக்கியது.

அவர் பம்பை நிறுத்தினார். “மாப்பிள்ளை சம்மதமோ?”

“ஓம், அண்ணை!”

கண்கள் சிரித்தன. பிறகு அந்தப் புல்லுக்கும் அடித்தார்.

சந்தையில் எதிரே வந்தாலும் அவரை எனக்கு அடையாளம் தெரியாது. வெட்டும்போது கை தவறினால் வேறு ஆண் தத்தியும் இல்லை. இன்று காலை அதன் வயிற்று நுனியை வெட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துவிட்டேன். புது இனமோ என்று இனித்தான் பார்க்க வேண்டும்.