செல்வி கேட்ட மறுநாள் பாடம்

இன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் செல்வியைப் பார்த்தேன். எண்பதுகளில் பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டுவிட்டு, இருவரும் ஒரே டுடோரியலில் படித்தோம்.

அங்கே சாருக்கு ஒரு பிடிவாதம். கைடில் இருக்கும் வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. அவரவர் வீட்டில் நடப்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முன்பு ஒன்றைச் செய்ய முடிந்தது என்று சொல்வதற்கான 'குட்' (could) பாடத்தன்று செல்வி எழுந்து, "ஐ குட் ரைடு எ சைக்கிள்" என்றாள்.

"சிங்கவரத்துலேர்ந்து தெனம் சைக்கிள்லதான வர்ற? 'கேன்'னு சொல்லும்மா" என்றார் சார்.

"இல்ல சார். எனக்குக் கல்யாணம் பேசிட்டாங்க. இனிமே ஓட்டக் கூடாதுன்னு நைனா சைக்கிள வித்துட்டாரு. இன்னிக்கி பஸ்லதான் வந்தேன்."

சார் அதைத் திருத்தவில்லை. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

இன்று என் கையை விடாமல் வீட்டுக் கதையெல்லாம் பேசினாள். அவள் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பிக் கேட்டாள்.

"ஏன்டி வசந்தா, நான் நின்னுட்டேன் இல்ல, அதுக்கு மறுநாள் சார் இன்னா பாடம் நடத்துனாரு?"

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'குட் ஹேவ்'. செய்திருக்க முடியும், ஆனால் நடக்காமல் போயிற்று என்று சொல்வதற்கான பாடம்.

"அன்னிக்கி சார் லீவுடி" என்றேன்.

"அப்போ நான் ஒண்ணும் உட்டுடல" என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள்.

இதைப் படிப்பவர்களில் இங்கிலீஷ் டீச்சர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். நீங்களாக இருந்தால், அந்தப் படிக்கட்டில் வைத்துப் பாடம் நடத்தியிருப்பீர்களா?