காது அடைத்த டவர்

முதலில் ஓர் இரைச்சல். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒரு சத்தம் வருமே, அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல், துண்டு துண்டாக: கேக்குதாய்யா, நடவு, நாளைக்கு. பிறகு மறுபடியும் இரைச்சல். எங்கள் தொழிலில் எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும். ஆள் யாரென்று தெரிவதற்கு முன்னால், அவர் பேச்சை மறைப்பது எது என்று தேடக் கிளம்பிவிட வேண்டும்.

போனில் கோடு முழுசாக இருந்தும் "ஹலோ, ஹலோ" என்று மொட்டைமாடிக்கு ஓடியவர்தானே நீங்களும்? அப்படியானால் நீங்கள் என் ஆள். அந்தக் கோடு, டவர் பேசுவது உங்கள் போனுக்குக் கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்று அதற்குத் தெரியாது. போன் பேசுவது கொசு பேசுகிற அளவுதான். பக்கத்தில் கெட்டுப்போன ஒரு சாதனம் அதே அலைவரிசையில் இரைந்தால் டவருக்குக் காது அடைத்துவிடும். அந்தச் சாதனத்தைத் தேடிப் பிடித்து அணைப்பதுதான் என் வேலை. பகலில் ஊரே பேசிக்கொண்டிருக்கும், எது பேச்சு எது இரைச்சல் என்று பிரிக்க முடியாது. அதனால் ராத்திரி வேலை. நான் இதைப் படித்துவிட்டு வந்தவன் இல்லை. ரேடியோ, டிவி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவன். நாற்பத்தெட்டு வயதாகிறது. தூக்கம் பகலில், அதிலும் பாதி.

அந்தக் குரலுக்குரியவர் பெயர் பாண்டியம்மாள். மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். நாற்று நடுகிற பெண்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து வேலைக்குக் கூட்டிப் போகிறவர். நிலக்காரர்கள் மேலூரிலும் மதுரையிலும் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டதால் எல்லாப் பேச்சும் போனில்தான். இரண்டு மாதமாக அவர் கூப்பிட்டால் எடுக்கிறார்கள், ஹலோ என்கிறார்கள், வைத்துவிடுகிறார்கள். நடவு வேறு ஆட்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து அவர் கொடுத்த முதல் புகாரில்தான் அந்த இரைச்சல், மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டாவது முறை கொடுத்தது தெளிவாகப் பதிவாகியிருந்தது. போன் கம்பெனியில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நித்யா மேடம் அதையும் அனுப்பிவைத்தார். நிலக்காரர்களை அங்கிருந்து கூப்பிட்டுப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை போல, புகாரின் கடைசி வார்த்தைகள் இவை: "ஆவணியில நாங்க சொந்தமா அரை ஏக்கர் வாங்குனோம், அதுலருந்துதான் இப்படி. கோளாறு டவர்லயா, அவுக மனசுலயான்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க."

குழாயடி

மேலூருக்குப் போவதற்கு முன் மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு வேலை பாக்கி இருந்தது. வண்டி ஓட்டுவது சரவணன், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். கையில் நான் தூக்கிக்கொண்டு நடப்பது மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனா. இடுப்பில் மீட்டர், காதில் ஹெட்போன். எந்தப் பக்கம் திருப்பினால் இரைச்சல் ஏறுகிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். ஊர் உறங்கும்போது இந்தக் கோலத்தில் தெருத்தெருவாக நடக்கிறவனை யாரும் நல்லவிதமாகப் பார்க்கமாட்டார்கள். கரண்ட் திருட்டுப் பிடிக்க வந்தவன் என்று நினைத்து ஒரு வீட்டில் அவசர அவசரமாகக் கொக்கியை உருவியதும் உண்டு.

அன்றைக்கு மூன்று மணி இருக்கும். குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஆன்டெனாவை இடமும் வலமும் திருப்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பயமும் இல்லை, சந்தேகமும் இல்லை. என்னை மாதிரியே தூக்கம் கெட்ட முகம். பக்கத்தில் போனதும் மெதுவாகக் கேட்டார்: "தண்ணி எந்தத் தெரு வரைக்கும் வந்துருச்சுன்னு அதுல தெரியுமாண்ணே?"

மீசை

அதே வாரம் மகாலுக்குப் பின்னால் ஒரு குறுகிய தெரு. இரைச்சல் ஒரு சேலைக் கடையிலிருந்து வந்தது. கீழே கடை, மேலே வீடு. முதலாளி எழுபதைத் தாண்டிய சௌராஷ்டிரப் பெரியவர். எங்களுடைய நிச்சயமான சோதனை ஒன்றுதான்: மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்ல வேண்டும். இரைச்சல் நின்றால் சாதனம் உள்ளே இருக்கிறது. விடிகிற நேரத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் எந்த வீட்டில்தான் பாராட்டுவார்கள்? பெரியவர் சௌராஷ்டிரத்தில் மனைவியோடு பத்து நிமிஷம் பேசிவிட்டு அணைத்தார். இரைச்சல் நின்றது.

சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் அது இருந்தது. சிக்னலைப் பெருக்கித் தருகிற பூஸ்டர் பெட்டி. அனுமதி இல்லாதது, இதை நான் கழற்றியாக வேண்டும் என்றேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. "அனுமதி உண்டுன்னு சொல்லி மாட்டிவிட்டதும் நீங்கதானே, அப்ப மீசை வச்சிருந்தீங்க."

சைக்கிள் டியூப்

ஆமாம், நான்தான். ஆறு வருஷம் இந்தப் பெட்டிகளை மதுரையைச் சுற்றி மாட்டிக்கொண்டு திரிந்தேன். திருமங்கலம் பக்கம் குடோன்கள், மேலூர் பக்கம் வீடுகள், யார் கூப்பிட்டாலும் போனேன். வெளியே ஒரு ஆன்டெனா, உள்ளே ஒன்று, நடுவில் பெட்டி. புதிதில் நன்றாகத்தான் இருக்கும். பழசானால், அல்லது இரண்டு ஆன்டெனாவும் நெருக்கமாக இருந்தால், பெட்டி தன் குரலைத் தானே கேட்டுக் கத்த ஆரம்பித்துவிடும். திருவிழா மைக்கை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தால் கத்துகிற மாதிரி. அனுமதி உண்டா என்று அப்போது நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. உண்டு என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

என் வேலையை நான் அடையாளம் கண்டுவிடுவேன். சுவருக்குள் ஒயர் நுழைகிற இடத்தில் ஒரு சுற்றுத் தொங்கவிட்டு, சைக்கிள் டியூப் துண்டால் கட்டியிருப்பேன். மழைத் தண்ணீர் ஒயர் வழியாக வீட்டுக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேறு ஆள் எவரும் இல்லை. சேலைக் கடையிலிருந்து திரும்பும்போது இதைச் சரவணனிடம் ஒளிக்காமல் சொன்னேன். ரயில்வே லைனில் கேட் போட்டிருந்தது. அங்கே வண்டியை அணைத்துவிட்டுச் சொன்னான்: "மாப்ள, நீ தேடுறது திருடனை, கைரேகை பூராம் உன்னுது."

கல்மேடு

பாண்டியம்மாளின் ஊருக்கும் டவருக்கும் நடுவே ஒரு கல்மேடு. முன்பு குவாரியில் அறுத்தபோது உதவாது என்று தள்ளிய கிரானைட் பாளங்கள், வீட்டு உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இரைச்சல் அதில் பட்டு நாலு பக்கமும் தெறித்தது. ஆன்டெனாவை எங்கே திருப்பினாலும் இங்கேதான் இங்கேதான் என்றது மீட்டர். மூன்று ராத்திரி நடந்தோம். இரண்டு கோழிப்பண்ணை, ஒரு ரைஸ் மில், பால் குளிரவைக்கும் நிலையம் எல்லாவற்றிலும் சுவிட்சை அணைக்கச் சொல்லி ஏச்சு வாங்கினோம். இரண்டாவது ராத்திரியில் இன்னும் இரண்டு நிலக்காரர்கள் பாண்டியம்மாளை விட்டுவிட்டு வெளியூர் ஆட்களுக்குச் சொல்லிவிட்டதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நடவு முடிய இன்னும் பத்து நாள்தான் என்றும் சொன்னார்கள். ஒரு வீட்டில் மட்டும் நாங்கள் தேடவில்லை. புகார் கொடுத்தவர் வீட்டில் தேடுவது எங்கள் பழக்கத்திலேயே கிடையாது, அந்த வீடு எது என்றுகூட விசாரித்து வைக்கவில்லை. அடிபட்டவர் வீட்டில் போய் யாராவது கம்பைத் தேடுவார்களா?

மூன்றாவது ராத்திரி விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊரில் கரண்ட் போனது. ஹெட்போனில் சட்டென்று அமைதி. காது வலிக்கிற அளவுக்கு அமைதி. கரண்ட் திரும்பியது, இரைச்சலும் திரும்பியது. அப்படியானால் சாதனம் இந்த ஊர் டிரான்ஸ்பார்மரில்தான் ஓடுகிறது. மீட்டரை அணைத்துவிட்டு வெறும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுவராகப் பார்த்து வந்தேன். கல்மேட்டை ஒட்டிய கடைசித் தெருவில், தாழ்வான ஒரு கான்கிரீட் வீட்டின் ஜன்னலுக்கு மேல், ஒயர் ஒரு சுற்றுத் தொங்கியது. சைக்கிள் டியூப் வெயிலில் வெடித்துப் போயிருந்தாலும் முடிச்சு அவிழவில்லை. இரைச்சல் எட்டாத மெயின் ரோடு வரை போய் மேடத்துக்குப் போன் போட்டுக் கதவு எண்ணைச் சொன்னேன். மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு. "அண்ணே, புகார் கொடுத்ததே அந்த வீடுதான்."

வடகிழக்கு மூலை

பாண்டியம்மாள் எழுந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், சேற்றில் வெளுத்த பாதங்கள். என்னைப் பார்த்ததும் முதலில் திட்டினார். பெட்டி ஒரு வருஷமாகக் கை வைக்க முடியாமல் சுடுகிறது, எத்தனை தடவை அடித்தாலும் என் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறதாம். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பெட்டிதான் டவரின் காதை அடைக்கிறது, நீங்கள் பேசுவதையே அதுதான் தின்கிறது, சுற்று வட்டாரத்தில் எல்லோர் பேச்சையும் தின்கிறது. மாட்டியது நான். அனுமதி உண்டு என்று சொன்னது பொய். அவர் என் பொய்யைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் கேட்டது வேறு: "அப்ப அவுக மேல தப்பு இல்லையா தம்பி?" இருக்காதுக்கா என்றேன். நானே நம்பித்தான் சொன்னேன்.

பெட்டியைக் கழற்றியதும் வீட்டுக்குள் ஒரு கோடுகூட இல்லை. கல்மேடு அப்படி மறைத்தது. மொட்டைமாடிக்கு ஏறி மூலை மூலையாகப் பார்த்தேன். வடகிழக்கு மூலையில் இரண்டு கோடு வந்தது. இனிமேல் இங்கே நின்றுதான் பேச வேண்டும், டவரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று ஆபீஸில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு பேசணுமாக்கும் என்று சொல்லிவிட்டு அவர் அந்த மூலையில் போய் நின்றார். நான் ஆன்டெனாவை அவிழ்த்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். ஸ்பீக்கரில் போட்டு முதலில் மேலூர்க்காரரைக் கூப்பிட்டார். எடுத்தவர் பொரிந்து தள்ளினார். ரெண்டு மாசமா ஊமை மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டு வைக்கிறாய், சொந்தமாக நிலம் வந்ததும் வாய்விட்டுப் பேச மனசில்லையோ என்று நினைத்துக்கொண்டேன் என்றார். பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புதன்கிழமைக்குப் பன்னிரண்டு பேரையும் வரச் சொல்லி மேலூர்க்காரர் வைத்தார். நானும் ஒயரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு விடியலைக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது.

அடுத்து மதுரைக்காரரை அடித்தார். பெரிய நிலம், இருபது வருஷமாக இவர் கை பட்ட நிலம். எடுத்தவர், யார் பேசுவது என்று கேட்டார். பாண்டியம்மா பேசுறேங்கய்யா என்றார் இவர். லைனில் இரைச்சலும் இல்லை, விட்டு விட்டும் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு மிக்சி ஓடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "ஆள் சொல்லியாச்சு. அதான் உனக்கே நிலம் இருக்கே, அதுல போய் நடு." வைத்துவிட்டார்.

பாண்டியம்மாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் வந்து, கீழே தெருவில் வேலைக்குக் கிளம்புகிற பெண்கள் தூக்குவாளிகளோடு ஒவ்வொருவராகக் கூடிக்கொண்டிருந்தார்கள். டவர் சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடியும் ஒருமுறை அடித்துப் பார்க்கலாமா என்று நான்தான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கினார். இரண்டு படி இறங்கியபிறகு, திரும்பாமலே பதில் சொன்னார்: "வேணாம் தம்பி, இவரு சொன்னது நல்லாவே கேட்டுருச்சு."

இரைச்சலை எடுத்துக் கொடுப்பது வரைதான் என் வேலை, அதற்கப்புறம் என்ன கேட்டாலும் அதற்கு நான் பொறுப்பில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, பாதியில் போட்ட ஒயரை எடுத்து முழங்கையில் சுற்ற ஆரம்பித்தேன்.