லெவல் ஆஃப்

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் என் வீட்டுக்காரருக்கு டைபாய்டு வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். ஜுரத்தோடேயே சில நாள் வேலைக்குப் போய்வந்தார். பிறகு பாயை விட்டு எழவே முடியவில்லை. நானும் அவருடைய அக்காவும் ரிக்‌ஷா பிடித்து ராயபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுதந்திரம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. டைபாய்டுக்குப் புது மருந்து வந்திருப்பதாகப் பேச்சு. எங்கள் வார்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஜுரம் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் காலை பெரிய டாக்டர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது இரண்டு வார்த்தைதான். லெவல், ஆஃப்.

எனக்குத் தெரிந்த லெவல், எங்கள் தெருக்கோடியில் இருந்த ரயில்வே லெவல் கிராசிங். ஆஃப் என்றால் விளக்கை அணைப்பது, மெஷினை நிறுத்துவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கேட்டை மூடிவிட்டார்கள், எல்லாம் அணைந்துவிட்டது என்றுதான் தோன்றியது. வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மீன் விற்கிற நாத்தனார் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே அங்கேதான் வந்தாள்.

"இன்னாடி ஆச்சு? டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஆஃப்னு சொல்ட்டாரு அக்கா."

அவளும் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சத்தம் கேட்டு நர்ஸ் வெளியே வந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், கனத்த உடம்பு, வேகமான நடை.

"எதுக்கும்மா அழுதிய? ஆள் உள்ள கண்ண முழிச்சுத் தண்ணி கேக்காரு!"

நான் கேட்டதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அட்டையை எடுத்துவந்து காட்டினார். பென்சில் கோடு ஒன்று படிக்கட்டு மாதிரி ஏறி, கடைசியில் மட்டும் நேராகப் போயிற்று.

"ஏறிக்கிட்டே இருந்த ஜுரம் இப்ப ஏறாம நிக்கி. அதத்தான் அப்படிச் சொன்னாரு."

"அப்போ பொழச்சுக்குவாரா?"

"ஏறல, அவ்வளவுதான். இன்னும் இறங்கல. இறங்குத வரைக்கும் ஜெபம் பண்ணுங்க. ஈரத்துணியும் மாத்திக்கிட்டே இருங்க."

நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. ஆனாலும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது. நாத்தனாரும் நானும் மாறி மாறித் துணி நனைத்துப் போட்டோம். ஒரு வாரம் கோடு அப்படியே கிடந்தது. பிறகு சரியத் தொடங்கியது. கஞ்சி வேண்டாம், கருவாடு வேண்டும் என்று அவர் சண்டை போட்ட அன்று நாத்தனார் அவரைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

வீட்டுக்குப் போகிற நாளில் எனக்கு ஒரே கவலை. திரும்ப மூட்டை தூக்க முடியுமா? நர்ஸைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"சண்டைக் காலத்துல நான் பட்டாளத்து ஆஸ்பத்திரில இருந்தேன். அங்க அமெரிக்க சிப்பாய்க 'லெவல் வித் மீ, சிஸ்டர்'ம்பாங்க. மழுப்பாம உள்ளதச் சொல்லுன்னு அர்த்தம். உங்ககிட்டயும் அப்படியே சொல்லுதேன். இந்த வருஷம் அவரு பாரம் தூக்கக் கூடாது. குடல் தாங்காது."

"அப்போ வூட்ல இன்னா பண்றது சிஸ்டரம்மா?"

"நீங்க துணி மாத்துனத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கும் நீங்கதான மாத்துனிய? வார்டுல ஆயா வேல காலியா இருக்கு. வாறியளா?"

வீட்டில் அதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொம்பள சம்பாத்தியத்துல துன்னணுமா?" என்றார். நாத்தனார் விடவில்லை. "நான் கூடை தூக்கித்தான உன்ன வளத்தேன்? அப்ப துன்னல?" என்றாள். மறுநாள் காலை என் சேலையை அவரே கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாத்திரத்தை மாற்றி வைப்பேன், கட்டில் நம்பரை மறப்பேன். ஒரு நாள் நன்றாக வேலை செய்தால் மறுநாள் திட்டு. விட்டுவிடலாம் என்று நர்ஸிடம் போய் நின்றேன்.

"மேடும் பள்ளமுமாத்தான் இருக்கும். போகப் போக லெவல் அவுட் ஆயிரும்" என்றார்.

"ஆஃபா, அவுட்டா?"

"ஆஃப்னா ஏறுனது நிக்கது. அவுட்னா மேடு பள்ளம் நிரவிப் போறது. போங்க, எட்டாம் நம்பர் கூப்பிடுதாங்க."

மழைக்காலம் முடிவதற்குள் வேலை கைக்குப் பழகிவிட்டது. அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்குத் துறைமுகக் கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. எனக்கு வேலையை விட மனசில்லை. அவரும் விடச் சொல்லவில்லை. பிறகு அதே நர்ஸ் சொல்லி நான் மருத்துவச்சிப் பயிற்சிக்குப் போனேன். நானே தனியாகப் பார்த்த முதல் பிரசவம் திருவொற்றியூரில், ஒரு மீன்காரர் வீட்டில். பெண் குழந்தை. வெளியே வந்ததுமே ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது.