இரண்டாம் கியரில் சோதித்த பிரேக்

மலைப்பாதையில் வண்டி எந்தக் கியரில் ஏறுமோ அதே கியரில்தான் இறங்கவும் வேண்டும். வத்தலக்குண்டு சாலையில் கொடைக்கானலுக்கு ஓட்டும் எவருக்கும் இந்த விதி மனப்பாடம். பிரேக்கைச் சோதிக்க இறங்குகிறவர் இதைச் சற்று ஒதுக்கி வைக்கலாம் என்று ஒரு துணை விதியும் இருந்திருக்க வேண்டும். இல்லை. நானோ, விதி என்று ஒன்று இருந்தால் அதைக் கடைப்பிடித்தே தீருகிற அரசாங்க ஊழியன்.

அறுபதுகளின் தொடக்கம். சென்னைக்கு வெளியே, யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்றில், சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஆசைக்கு வேகமாக ஓட்டிப் பார்க்கக் கூடுவார்கள். பரிசு வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போய்வந்த என் பழைய கார் முழு வேகத்தில் எப்படியிருக்கும் என்று ஒரு தடவை தெரிந்தால் போதும். மலையில் அதற்கு நேரான சாலை கிடையாது. புறப்படும் முன் சக்கரத்தை உரசி நிறுத்தித் தேய்ந்துபோன பிரேக் லைனிங்கை மாற்ற வேண்டியிருந்தது.

கொடைக்கானல் கடைவீதியில் உதிரி பாகம் விற்று, ரிப்பேரும் பார்த்த பாயிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று நெய்த பட்டைபோல மெத்தென்றிருக்கும். மிதித்த உடனே பிடிக்கும். மற்றது கல்போலக் கெட்டி. சூடேறினால்தான் பிடிக்கும், ஆனால் எவ்வளவு சூட்டையும் தாங்கும் என்றார்.

உடன் வந்திருந்த என் மனைவி அப்போது தலைப்பிள்ளைக்காரி. பிரசவத்துக்குப் பழனியிலுள்ள தாய்வீட்டுக்கு அவளை அந்தக் காரில்தான் இறக்க வேண்டும். பஸ் வாடை ஆகாது.

"அங்க எதப் போட்டு உருண்டாலும் சரிங்க. நான் உக்காந்து எறங்குற அன்னைக்கு வண்டி நிக்கணும். இல்லேன்னா எங்கம்மாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள்.

"அது இந்த மலைய எறங்குறத விடப் பெரிய சோலியாச்சே சார்" என்றார் பாய்.

லைனிங் தயாரித்த கம்பெனிக்கு, இரண்டு வேலைக்கும் பொருந்துவது எது என்று முறைப்படி எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. நாங்களே சோதிக்கத் துணிந்தோம். காலைப் பனியில், பாய் பக்கத்தில் உட்கார, கெட்டியானதைப் போட்டு இறங்கினோம். முதல் வளைவில் மிதித்தபோது கார் யோசித்துவிட்டுத்தான் நின்றது.

"வேணாம் சார். தங்கச்சிய வச்சுக்கிட்டு இதோட எறங்க முடியாது. வெரசா கழட்டிருவோம்."

மறுநாள் மெத்தென்ற பட்டை. அடிவாரம் வரை, தொட்ட இடத்தில் நின்றது. பாய் இறங்கிப்போய்ச் சக்கரத்தின் மேல் கை வைத்தார். "இங்க பாருங்க, சூடே இல்ல! இம்புட்டு மலைய எறங்கியும் பச்சப்புள்ள ஒடம்பு மாதிரி கெடக்கு."

இந்த மலைக்கே அசையாத பட்டைக்குச் சமதளம் எம்மாத்திரம் என்று நானும் பூரித்தேன்.

ஓடுதளத்தில் இரண்டு சுற்று நன்றாகப் போயிற்று. மூன்றாம் சுற்றின் திருப்பத்தில் மிதித்தேன். மிதி கல்லாக நின்றது, கார் நிற்கவில்லை. தளத்தைத் தாண்டி முட்புதருக்குள் போய் அதுவாகவே ஓய்ந்தது. எனக்குக் காயமில்லை. சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. நாங்கள் மலையிறங்கியது முழுக்க இரண்டாம் கியரில். வண்டியைப் பிடித்து வைத்திருந்தது என்ஜின். எங்கள் ஊரில் பிரேக் என்பது, கியர் முடித்துவைத்த வேலைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற ஆள். அவரை அழைத்து வந்து முழுப் பொறுப்பையும் ஒப்படைத்திருக்கிறோம். சமதளத்துக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அதைவிட உறுத்தியது வேறு. மலையில் எப்போதாவது கியர் நழுவினால்? அந்தப் பட்டையை நம்பித்தானே அவளை உட்கார வைக்க இருந்தேன்?

கெட்டியானதையே திரும்பப் போடச் சொன்னேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார், போட்டார்.

அவளை அழைத்துப்போன காலையில், இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஏரியை ஒரு சுற்று வந்தேன்.

"வெள்ளனே கெளம்பிட்டு ஏரிய எதுக்குங்க சுத்துறோம்? ஊர்கோலமா?"

"சூடு பண்றேன்."

"எனக்கா, வண்டிக்கா?"

இறங்கும்போதும் அடிக்கடி மிதித்து அந்தச் சூட்டை ஆறவிடவில்லை. பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், பனிக்குள்ளிருந்து மர லாரி ஒன்று ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். மிதித்தேன். கார் யோசிக்கவில்லை, நின்றது. லாரி முனகிக்கொண்டே கடந்து போயிற்று.

"மூச்ச விடுங்க, போயிருச்சு" என்றாள்.

கம்பெனியின் பதில் பிறகு வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் இரண்டு பயன்களில் முதன்மையானது எது எனத் தெரிவித்தால் ஆவன செய்யப்படும்.' அதற்குள் மகளுக்குத் தொட்டில் கட்டியாகிவிட்டிருந்தது. கடிதம் வந்த அன்று பழனியில் பங்குனி உத்திரம்.