போர் வருமா என்று கேட்ட அக்கா

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வெளியுறவுக் கொள்கை நடத்துகிறேன். "நடக்கும், நடக்காது என்று அடித்துச் சொல்லாதீர்கள், பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லிப் பழகுங்கள்" என்று வருடா வருடம் பிள்ளைகளின் உயிரை வாங்குவேன். என் வண்டவாளத்தை அக்கா ஒரே கேள்வியில் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டாள்.

அக்காவுக்கு நிலக்கோட்டைப் பக்கம் மல்லித் தோட்டம். அவள் மகன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். லீவில் வந்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக டிக்கெட். அந்த வாரம் பார்த்துத்தானா அங்கே ஏவுகணை, மிரட்டல் என்று டிவி அலற வேண்டும்?

"தம்பி, சண்டை வருமா வராதா?"

"வராம இருக்கப் பத்துக்கு ஆறு வாய்ப்பு இருக்குக்கா."

"அப்ப அந்த நாலு?"

"அது... வரலாம்."

"அம்புட்டுப் படிச்சு இதைத்தான் சொல்லுவியா? டிவிக்காரனே சொல்றானே!"

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வந்தது. விழுந்து விழுந்து செய்தி படித்தேன். ஆறு ஒருநாள் ஏழாகும், மறுநாள் ஐந்தாகும். போ என்றோ போகாதே என்றோ மட்டும் வாயைத் திறக்கவில்லை. அங்கே போய் ஏதாவது ஆகிவிட்டால் தாய்மாமன் பேச்சைக் கேட்டுத்தான் போனான் என்பார்கள். இங்கே இருந்து வேலை போனாலும் என் தலைதான் உருளும்.

வெள்ளிக்கிழமை அக்கா அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்க்கக் கிளம்பினாள். இலையில் மடித்த இரண்டு பொட்டலம், அவளே கட்டியது. ஒன்றில் வெள்ளை மல்லி, மற்றதில் செவ்வரளி என்றாள். வெள்ளை வந்தால் இருப்பது, சிவப்பு வந்தால் புறப்படுவது. பூசாரி அம்மன் காலடியில் வைத்தார். "நீயே எடு தம்பி" என்றாள். வெளியுறவுக் கொள்கை வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

மல்லி. அப்பாடா! முடிவு என் கையை விட்டுப் போனதில் அப்படியொரு நிம்மதி.

பாழாய்ப்போன வாத்தியார் புத்தி, மற்றதையும் பிரித்துப் பார்த்தேன். அதிலும் மல்லி.

"ஏக்கா, சாமிகிட்டயேவா?"

"நீ பத்துக்கு நாலுன்ன. சாமிகிட்ட விட்டா பாதிக்குப் பாதில்ல ஆகுது? பெத்தவ நான், எனக்குத் தாங்காதுப்பா."

பூசாரி கேட்காதவர்போல விளக்குத் திரியைத் தூண்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "முடிவைத் தள்ளிப்போட முடியுமா என்று முதலில் கேளுங்கள்." இது வகுப்பில் நான் நடத்தும் முதல் பாடம். சம்பந்தப்பட்டவனிடம் அதை நான் கேட்கவே இல்லை. கோயில் வாசலில் வண்டியோடு நின்ற மருமகனிடம் போனேன்.

"ஏன்டா, ஒரு மாசம் கழிச்சுப் போனா வேலை போயிருமா?"

"போகாது மாமா. அந்த மாசச் சம்பளம் இல்ல, அம்புட்டுத்தான். மேனேஜரே போன்ல சொன்னாரு."

"அடப்பாவி! அப்பப் போகாதடா. இப்ப வேணாம்."

சொன்ன பிறகுதான் மூச்சே சீராக வந்தது. அவன் உடனே போனை எடுத்து டிக்கெட்டை மாற்ற ஆரம்பித்தான்.

"இதை ஏன்டா முதல்லயே சொல்லல?"

அவன் நிமிரவில்லை. "நானா இங்கயே இருந்துக்கிறேன்னு சொன்னா, பயந்துட்டேன்னு ஆயிரும்ல மாமா. நீங்க சொல்லுவீங்கன்னுதான் ஒரு வாரமா பாத்துக்கிட்டே இருந்தேன்."